குப்பம்மா ஒண்ணு குடுங்க

குப்பம்மாள் இறந்த மறுநாள் காலையிலும் திருத்தணி அடிவாரத்தில் அவள் பேரைக் கூவித்தான் வியாபாரம் தொடங்கியது.

"குப்பம்மா, குப்பம்மா! மொட்டைக்குக் குளிர்ச்சியா குப்பம்மா!"

துக்கம் கேட்க மணவூரிலிருந்து ரயிலில் வந்து, சரவணப் பொய்கைப் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்த உறவுக்காரர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒரு அம்மாள், "செத்தவ பேர இப்படித் தெருவுல கூவுறாளே, இவ இன்னா பொம்பள!" என்று சண்டைக்கே போய்விட்டாள். கூவியது கனகம்மாசத்திரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்து கடை போடும் ஜெயம்மாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னா பெரியம்மா, மொட்டையா? ஒரு குப்பம்மா வாங்கிக்கோ" என்று இலைப் பொட்டலத்தை நீட்டினாள். அவளுக்குத் தெரிந்து குப்பம்மா என்றால் சந்தனம். மொட்டை அடித்த தலையில் குழைத்துப் பூசும் சந்தன வில்லை. அந்தப் பேரில் ஒரு மனுஷி இருந்தாள், நாலு தெரு தள்ளி நேற்றுவரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று தடுத்ததே குப்பம்மாள்தான்.

கடைத்தெருவில் வனஸ்பதி என்று கேட்டு வாங்கியவர் எவரும் இல்லை. டப்பாவின் மேல் என்ன அச்சடித்திருந்தாலும் அது டால்டா. கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கிப் போகும் விளக்கு எந்த ஊரில் செய்ததானாலும் பெட்ரோமாக்ஸ். பற்பசை என்ற வார்த்தை பள்ளிக்கூடப் புத்தகத்தோடு சரி. கடைக்காரரிடம் கோல்கேட் என்று கேட்டால், இருப்பதை எடுத்துக் கொடுப்பார். எங்கோ தூரத்தில் ஒரு கம்பெனிக்காரர் தன் சரக்குக்கு வைத்த பேர், சுவரில் எழுதி ரேடியோவில் சொல்லி ஊருக்குள் நுழைந்து, கடைசியில் அவர் கையை விட்டுப் போய் எல்லார் சரக்குக்கும் பொதுவாகிவிடுகிறது. குப்பம்மாளுக்குக் கம்பெனி கிடையாது. விளம்பரம் கிடையாது. பொட்டலத்தின் மேல் ஒரு எழுத்துகூடக் கிடையாது. அப்படியும் அவள் பேர் அந்த வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது.

பேரும் ஆசையாக வைத்த பேரல்ல. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக வந்தவளைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, எமன் ஏறெடுத்தும் பார்க்காத பேராக வைத்தார்கள். நெசவுக் குடும்பம். தாய்மாமன் மகன் மணவாளனையே கட்டிக்கொடுத்தார்கள். அந்தப் பக்கத்து நெசவாளர்களுக்கு வீட்டில் பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. புருஷனை அவள் கடைசிவரை 'பாவா' என்றுதான் கூப்பிட்டாள்.

அறுபத்தொன்றில், மகள் மனோரமாவுக்குப் பதினோரு மாதம் நடக்கும்போது முதல் மொட்டை. மொட்டைக் கொட்டகையில் சுந்தரமூர்த்தி என்பவர்தான் கத்தி பிடித்தார். அவர் கையில் குழந்தை சிணுங்கக்கூட இல்லை. பொய்கையில் குளிப்பாட்டி, கடையில் வாங்கிய சந்தனத்தைப் பூசியதும்தான் வீறிட்டது. குப்பம்மாள் அதைத் தன் உதட்டோரம் தடவிப் பார்த்தாள். சுருக்கென்றது. குழந்தையின் தலையைக் கழுவித் துடைத்து அங்கேயே மணவாளனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பூஜை மாடத்தில் கிடந்த சந்தனக் கட்டையை இழைத்து, கிண்ணத்தில் வழித்துக்கொண்டு திரும்பி வந்தாள். பூசினாள். மனோரமா தோளிலேயே தூங்கிப் போனாள்.

சுந்தரமூர்த்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா பூசின? கொழந்த சொக்கிப்போச்சே."

"வீட்டுல எழச்சது அண்ணே. வேற ஒண்ணும் இல்ல."

"கிண்ணத்துல இன்னும் இருக்குதா? இதோ இந்தப் பிள்ள அரை மணியா கத்திகினு கிடக்குது."

அடுத்த கிருத்திகைக்கு இரண்டு கிண்ணம் இழைத்துக் கொண்டுவரச் சொன்னார். அதற்கடுத்த கிருத்திகைக்கு இழைத்துக் கட்டுப்படியாகவில்லை. நாட்டு மருந்துக் கடையில் சந்தனச் சிராய் வாங்கி உரலில் இடித்தாள். கொஞ்சம் வெட்டிவேர், கொஞ்சம் பூலாங்கிழங்கு. தங்கள் தறியில் நெய்த மெல்லிய துணியில் சலித்து, வடிகஞ்சியில் பிசைந்து, விரலால் வில்லையாகத் தட்டி நிழலில் காயவைத்தாள். உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கரையும். ஒவ்வொரு வில்லையையும் மந்தாரை இலையில் மடித்துத் தறியில் மிஞ்சிய நூலால் கட்டினாள். அறுந்த இழைகளை ஒட்டுவதற்கு நெசவாளர்கள் போடுவார்களே, அந்தச் சின்ன முடிச்சு. இழுத்தால் இறுகும், அவிழாது. வாங்குகிறவர்கள் பல்லால் கடித்துத்தான் பிரிக்க வேண்டும்.

ஒவ்வொரு ஈட்டிலும் முதல் வில்லையை மணவாளனின் கன்னத்தில்தான் பரீட்சை பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை சவரம் பண்ணிக்கொண்டு வந்ததும் இடது கன்னத்தில் பூசி, உலை கொதிக்கும்வரை கழுவக் கூடாது என்று உட்காரவைத்துவிடுவாள்.

"எரியுதா பாவா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. பொறுத்துகினு இருக்காத. கொழந்தைங்க பொறுக்காது."

"இல்லம்மே. எரிஞ்சா சொல்ல மாட்டனா?"

விசைத்தறிக் கூடத்தில் அவனோடு வேலை பார்த்தவர்கள் திங்கட்கிழமை அவன் காதோரம் ஒட்டியிருக்கும் மஞ்சளைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள்: "இன்னா மணவாளா, ஒரு கன்னத்துக்கு மட்டும் கல்யாணமா?" மணவாளன் வாயாடுகிறவன் இல்லை. "ஆங், மறு கன்னத்துக்கு அடுத்த வாரம். வந்துருங்க" என்று சொல்லிவிட்டு இழை அறுந்த தறியைப் பார்க்கப் போய்விடுவான். ஒரு தடவை எரிகிறது என்று சொன்னான். அந்த ஈடு முழுவதையும் அவள் கொல்லையில் கொட்டினாள். காலையில் கத்தி கன்னத்தைக் கீறியிருந்ததை அவன் சொல்ல மறந்துவிட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கும் அவள் வருத்தப்படவில்லை. "கீறல் பட்ட தலையுந்தானே வரும் கொட்டகைக்கு" என்றாள்.

பேரைப் பரப்பியது நாவிதர்கள். கத்தியைத் துடைத்துக்கொண்டே, "போய்க் குளிச்சிட்டு, குப்பம்மாகிட்ட சந்தனம் வாங்கிப் பூசிக்குங்க" என்று ஒவ்வொரு தலைக்கும் சொன்னார்கள். ஒரு நாளைக்கு நூறு தலை என்றால் அந்த வாக்கியம் தேயத்தானே செய்யும்? 'குப்பம்மா சந்தனம் பூசிக்குங்க' என்று தேய்ந்து, 'குப்பம்மா பூசிக்குங்க' என்று நின்றது. சித்தூரிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வரும் தெலுங்குக்காரர்கள், வந்து இறங்கியதும் தேங்காய்க் கடையில், "குப்பம்மா ஒகட்டி" என்று விரலைக் காட்டினார்கள். குப்பம்மாள் கடைகளுக்குப் பொட்டலம் போடத் தொடங்கினாள். அவளால் இடித்து முடிக்க முடியாத அளவுக்குத் தேவை வந்தபோது, கடைக்காரர்களே வில்லை தட்டினார்கள். எல்லாம் மந்தாரை இலைதான், எல்லாம் குப்பம்மாதான்.

மனோரமாவுக்குப் பள்ளிக்கூடத்தில் இது பெரிய தொல்லை. "உங்கம்மாவ நேத்து என் தம்பி தலைல தேச்சோம்டீ" என்று சிரிப்பார்கள். அவள் ஒரு நாள் அழகாக 'ஸ்ரீ சண்முகா சந்தனம்' என்று காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து, பொட்டலத்தில் இதை அச்சடித்து ஒட்டலாம் என்றாள். குப்பம்மாள் அதை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தாள்.

"நல்லா இருக்குது. ஆனா கேக்கறவங்க குப்பம்மான்னுதானே கேப்பாங்க?"

"அந்தப் பேரே அசிங்கமா இருக்கும்மா."

"பேருல இன்னா இருக்குது கண்ணு? பூசினா குளுகுளுன்னு இருக்குதா, அதப் பாரு."

அந்தக் காகிதத்தை அவள் எறியவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாள்.

எழுபத்தாறு ஆடிக் கிருத்திகை. காவடிகள் படி கொள்ளாமல் ஏறிக்கொண்டிருந்தன. உச்சி நேரத்தில் சுந்தரமூர்த்தி ஆள் அனுப்பினார், குப்பம்மாள் உடனே வர வேண்டும் என்று. போனாள். கொட்டகை வாசலில் புத்தூர்க்காரர் ஒருவர், மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் மொட்டைத் தலை மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. காதுக்குப் பின்னால் கொப்புளம். அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தது.

"என்ன பூசினீங்க?" என்று தெலுங்கில் கேட்டாள்.

"குப்பம்மா. எல்லாரும் நல்லதுன்னு சொல்லித்தான் பூசினோம்."

பிரித்த பொட்டலம் கீழே கிடந்தது. மந்தாரை இலை. நூலில் வெறும் சுருக்கு முடிச்சு. சுந்தரமூர்த்தியும் அதைப் பார்த்துவிட்டார். அவள் காதருகில் குனிந்து, "இது உன்து இல்ல. சொல்லிடு, சொல்லிடு" என்று அவசரப்படுத்தினார்.

அவள் சொல்லவில்லை. புத்தூர்க்காரரிடம், "நான்தாங்க குப்பம்மா" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பேர் ஒரு ஆளாக எதிரில் வந்து நிற்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. பிறகு வாய்க்கு வந்தபடி ஏசினார். பெற்ற பிள்ளைக்கு இப்படிப் பூசுவாயா என்றார். கூட்டம் கூடியது. குப்பம்மாள் ஒரு வார்த்தை எதிர் பேசாமல் குழந்தையை வாங்கி, குடம் குடமாகத் தண்ணீர் விட்டுத் தலையைக் கழுவினாள். ஈரத் துணியைப் போர்த்தி, ஆஸ்பத்திரிக்குத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள். டாக்டர் மருந்து போட்டு, இரண்டு நாளில் ஆறிவிடும் என்று சொன்ன பிறகுதான் குழந்தையை அதன் அப்பாவிடம் கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது நாவிதர்கள் கூடிப் பேசி முடித்திருந்தார்கள். இனி எந்தத் தலைக்கும் குப்பம்மா பூசச் சொல்வதில்லை.

"நீ சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் சுந்தரமூர்த்தி. அவருக்கே அழுகை வரும்போல இருந்தது. "முடிச்சப் பாத்தாலே தெரியுதே."

"அந்தப் பிள்ளையோட அப்பனுக்கு முடிச்சு தெரியுமா அண்ணே? அவரு பேர நம்பித்தான வாங்கினாரு."

வீட்டுக்குப் போகும் வழியில், பொய்கைக் கரையில் ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டு போனது அவள் காதில் விழுந்தது: "குப்பம்மாவா? ஐயோ, வேணாம்டீ. எரியும்."

பதினைந்து வருஷம் ஒரு கன்னத்தில் மஞ்சளோடு திரிந்தான் மணவாளன், அந்த வார்த்தை வரக் கூடாது என்பதற்காகத்தான். அன்று குப்பம்மாள் சோறு வடிக்கவில்லை. தன் சரக்கு விற்காமல் போவது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தறி இருந்தது, பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பேர் இன்னும் ஒரு மாதத்தில் எரிச்சலுக்குப் பேராகிவிடும். குழந்தையைப் பயமுறுத்த, 'குப்பம்மா பூசிடுவேன்' என்று சொல்வார்கள். சாவு தொடாமல் இருக்க வைத்த பேர். அது குழந்தைகளைச் சுடும் பேராவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

மணவாளன் மகளின் பழைய காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து உருவி எடுத்தான். "பேர மாத்திடலாம்மே. இத அச்சடிச்சு ஒட்டலாம். உன்து தனியாத் தெரியும்."

"என்து தெரியும். அந்தப் பேர வாங்கிப் பூசிக்கிற கொழந்தைங்க?"

மணவாளன் காகிதத்தைத் திரும்பச் சொருகினான்.

மறுநாள் காலை அவள் கஜபதியின் கடைக்குப் போனாள். படிக்கட்டின் அடியில் தேங்காய், கற்பூரம், கயிறு விற்கும் கடை. அந்தச் சுருக்கு முடிச்சு அவன் கை முடிச்சு என்று அவளுக்குத் தெரியும். அவள் சரக்கை முதன்முதலில் வாங்கி விற்றவனும் அவன்தான். இளம் வயது, வேகமான ஆள். கெட்டவன் என்று சொல்ல முடியாது.

"நீ தட்டுற வில்லைல இன்னாப்பா போடுற?"

"எல்லாரும் போடறதுதாங்கா. மரத்தூளு, வாசனைக்குச் சந்தன எண்ண."

"மஞ்சளுக்கு?"

அவன் வேறு பக்கம் பார்த்தான். அவனுடைய மச்சானுக்கு எல்லைப் பக்கத்தில் நூலுக்குச் சாயம் போடும் பட்டறை. நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. சாயத்தில் நனைத்த கை எப்படிக் காந்தும் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

"நூலுக்குப் போடறத தலைக்குப் போட்டுட்டியே கஜபதி."

"ஒரு சிட்டிகைதாங்கா. அதெல்லாம் எரியாது. அந்தக் கொழந்தைக்கு வேர்க்குரு." அவனுக்குக் கோபமும் வந்தது. "அப்புறம், உன் பேர நான் எங்க போட்டேன்? பொட்டலத்துல எழுத்தே கிடையாதே. குப்பம்மான்னு கேட்டான், குடுத்தேன். டால்டான்னு கேட்டா எந்த டப்பால இருந்து எடுத்துக் குடுத்தா இன்னா?"

"டால்டான்னு கேட்டு வாங்கினு போறவன் வீட்டுல பூரிதான் பொரியும். நீ குடுத்ததுல தல பொரியுது."

கற்பூரம் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். கஜபதி முகம் சிறுத்தது.

"எரியலன்றியே, அப்ப உன் தலைல பூசிக் காட்டு" என்றாள் குப்பம்மாள்.

"என் தலையா? அன்னம்மா மாசமா இருக்கறா, தெரியாதா உனக்கு? ஆறு மாசம் ஆவுது. நான் கத்தி வைக்கக் கூடாதுக்கா."

அது உண்மை. மனைவி வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும்போது புருஷன் தலைமுடியோ தாடியோ எடுக்க மாட்டான். அவன் தாடியும் அதைச் சொல்லியது. குப்பம்மாள் ஒப்புக்கொண்டாள்.

"சரி, உன் தல வேணாம். என் தல இருக்குதே."

கொட்டகைக்குப் போய்ச் சுந்தரமூர்த்தியின் முன்னால் உட்கார்ந்தாள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். முட்டி வரைக்கும் வரும் கூந்தல் அவளுக்கு. பூ வைத்தால் பின்னலே தெரியாது. "உனுக்கு இன்னாம்மா தலையெழுத்து? நான் மாட்டேன்" என்றார்.

"வேண்டுதல்னு நெனச்சிக்க அண்ணே."

"யாருக்கு வேண்டிகினே?"

"பேருக்கு."

மழித்து முடித்ததும் பொய்கையில் முழுகிவிட்டு, நேராகக் கஜபதி கடைக்கு வந்து முன்பலகையில் உட்கார்ந்தாள். கையில் தன் வில்லை ஒன்று. நெற்றியிலிருந்து பிடரிவரை விரலால் ஒரு கோடு போட்டு, வலப்பக்கம் தானே பூசிக்கொண்டாள். இடப்பக்கத்தைக் காட்டி, "இங்க உன்தப் பூசு. உன் கையாலயே பூசு" என்றாள்.

கஜபதி முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. கூட்டம் நிற்கிறது, பூசாமல் இருக்க முடியாது. தன் பொட்டலம் ஒன்றைப் பிரித்துக் குழைத்துப் பூசினான். பார்வைக்கு அவனுடையதுதான் அழகு, பளிச்சென்ற மஞ்சள்.

அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். காவடி தூக்கி வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். "இன்னாக்கா, ரெண்டு கலரு?" என்று ஒருவன் கேட்டதற்கு, "ரெண்டும் குப்பம்மாதான். எது வேணும் உனக்கு?" என்றாள். கொஞ்ச நேரத்தில் இடப்பக்கக் கண்ணில் நீர் கோத்தது. காதோரம் சிவந்தது. அவள் கை தலைக்குப் போகவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்திருந்தாள்.

"போதுங்கா, கழுவிக்கோ" என்றான் கஜபதி.

"உல கொதிக்கிற நேரம் இருக்கணும். எங்க வீட்டுல அதான் கணக்கு."

மணவாளன் அப்போதுதான் வந்தான். சாப்பாட்டு வேளைக்கு வீடு போய், ஆளைக் காணாமல் தேடி வந்தவன். அவளைப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்தான். "சொல்லியிருந்தா நானும் அடிச்சிகினு வந்திருப்பேன்ல? ஆளுக்குப் பாதி வச்சிகினு இருக்கலாம்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது தோல் இழுத்து, இடக்கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

சத்தம் கேட்டுக் கடையின் உள்ளேயிருந்து அன்னம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கஜபதியின் மனைவி. குப்பம்மாளின் தலையைப் பார்த்தாள், இடப்பக்கம் கொப்புளித்துக்கொண்டிருந்தது. யாரையும் எதுவும் கேட்காமல், குடத்தைச் சாய்த்து அந்தத் தலையில் தண்ணீரை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே புருஷனைக் கேட்டாள்:

"பொறக்கப் போறதுக்கும் முதல் மொட்டைக்கு இதத்தான் பூசப் போறியா? சொல்லு, இதத்தான் பூசப் போறியா?"

கஜபதி உள்ளே போனான். வில்லை காய்ந்துகொண்டிருந்த முறங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சாக்கடையில் கவிழ்த்தான். படிக்கட்டடியிலிருந்து பஸ் நிலையம் வரை அன்று சாக்கடை மஞ்சளாக ஓடியது.

இதோடு நின்றிருந்தால் ஊர் அவளைக் கெட்டிக்காரி என்று சொல்லியிருக்கும். குப்பம்மாள் நிற்கவில்லை. புண் ஆறியதும், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, தன் உலக்கையோடு கஜபதி கடைக்கே போய் உட்கார்ந்தாள். சிராயை எங்கே வாங்குவது, எவ்வளவு இடிப்பது, ஏன் வெயிலில் காயவைக்கக் கூடாது, எல்லாம் காட்டிக் கொடுத்தாள். அவன் வெட்கத்தோடு, "உன் வியாபாரம் போயிடுமேக்கா" என்றான்.

"என் ஒருத்தி கையால எத்தினி தலைக்குப்பா ஆவும்? அவங்க கேக்கறத நிறுத்தப் போறதில்ல. கேட்டா குடுக்கற மாதிரி இருக்கட்டும்."

அடுத்து மற்ற ஆறு கடைகள். சிலர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவன் வாசலிலேயே நிறுத்திவைத்தான். இரண்டு நாள் போய் நின்றாள், மூன்றாம் நாள் உள்ளே விட்டான். சுந்தரமூர்த்தி தன் பங்குக்கு ஒரு வேலை செய்தார். அவரும் தலையை மழித்துக்கொண்டு, காலையில் ஒரு கடையின் முதல் வில்லையை வாங்கித் தன் தலையிலேயே பூசிக்கொண்டு கத்தியைத் தீட்டுவார். அன்றைக்கு அவர் தலை குளிர்ந்தால் அந்தக் கடைக்கு ஆள் போகும். மறுநாள் இன்னொரு கடை. அவர் உயிரோடு இருந்தவரை அந்தத் தலையில் முடி வளர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. நாவிதர்கள் மறுபடியும், "குப்பம்மா பூசிக்குங்க" என்று சொல்லத் தொடங்க ஒரு வருஷம் பிடித்தது.

மணவாளன் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டான். "எல்லாத்தையும் குடுத்துட்ட. சரி. முடிச்ச மட்டும் குடுத்துடாத. உன்து எதுன்னு உனக்காவது தெரிய வேணாமா?"

அது அவளுக்கும் நியாயமாகப் பட்டது. முடிச்சை மட்டும் காட்டிக் கொடுக்கவில்லை.

பிறகு ஒன்பது வருஷம். இடித்த தூள் மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். எண்பத்தைந்தில் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தாள். இனி உலக்கையைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் பிழைத்து வந்தால் மொட்டை போடுவதாக மணவாளன் வேண்டிக்கொண்டிருந்தான். இருவரும் மெல்ல நடந்து வந்தார்கள். சுந்தரமூர்த்தியின் இடத்தில் அவர் தம்பி மகன் உட்கார்ந்திருந்தான். மணவாளன் தலை கொடுத்து, குளித்து எழுந்து வந்தான். அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது, வீட்டில் சந்தனம் இல்லை என்று. இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாகக் கடையில் வாங்க வேண்டும்.

வழியில் ஒரு புதுப் பெண் கூடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கனகம்மாசத்திரத்து ஜெயம்மாள்தான், வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும்.

"வாங்கம்மா! ஐயாவுக்குக் குப்பம்மா வேணுமா? நல்ல குப்பம்மா. எரியாது."

மணவாளன் வாயைத் திறந்தான். "ஏம்மா, இவங்கதான்..." என்று தொடங்கியவனின் கையைக் குப்பம்மாள் நறுக்கென்று கிள்ளினாள்.

"எரியாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் ஜெயம்மாளிடம்.

"ஒவ்வொரு ஈட்டுலயும் மொதல்ல எங்க வூட்டுக்காரரு கன்னத்துல பூசிப் பாப்பேங்க. அதான் வழக்கம் இங்க. கொழந்தைங்களுக்குப் பூசறது இல்லீங்களா?"

குப்பம்மாள் பொட்டலத்தைக் கையில் வாங்கினாள். மந்தாரை இலை. மூக்கில் வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தாள், இருமல் வரவில்லை. நூலை விரலால் தடவினாள். இழுத்துப் பார்த்தாள். அவிழவில்லை, இறுகியது. யார் காட்டிக் கொடுத்தார்கள்? பாதி ஊர் நெசவாளர்கள். யாரோ ஒருவர் அவள் பொட்டலத்தைப் பார்த்தே கற்றிருக்கலாம்.

"முடிச்சையும் எடுத்துகினாங்க பாவா" என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகம் இருந்த மாதிரி மணவாளன் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மனோரமா தோளில் தூங்கிப்போன அன்றைத் தவிர.

நூலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். புருஷனைக் குனியச் சொல்லி, நெற்றியிலிருந்து பிடரிவரை முழுவதுமாகப் பூசினாள்.

"எரியுதா?"

மணவாளன் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பொய் சொல்லக் கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

"இல்லம்மே" என்றான். "உன்து மாதிரியே இருக்குது."

குப்பம்மாள் ஜெயம்மாள் பக்கம் திரும்பினாள். "இன்னொரு குப்பம்மா குடு கண்ணு. வீட்டுக்கு வேணும்."